ஸ்ரெல்லாவின் பெயரில் போன என் இரத்தம்

தைராய்டு வைத்தியரிடம் போகப்போகிற நம்மவர்கள் முதலில் என்னிடம் வருகிறார்கள். என்னென்ன இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு போகவேண்டும் என்று கேட்கிறார்கள். இத்தாலியின் பலேர்மோ நகரில், நம் தமிழருக்குள் இந்த வருத்தம் வந்த ஒரே ஆள் நானில்லை; ஆனால் வந்ததை வெளியே சொன்ன ஆள் நான்தான். கழுத்து வீங்கியதை மறைக்கச் சேலைத்தலைப்பைச் சுற்றிக்கொண்டு திரிகிற ஆட்கள் நாங்கள். கேட்பவர்களுக்குப் பட்டியலைச் சொல்வேன். சொல்லிவிட்டு, "ரத்தத்தை உங்கடை சொந்தப் பேரிலை குத்துங்கோ" என்பேன். அது என்ன கதை என்று சிரிப்பார்கள். எனக்கு இன்னும் அதில் சிரிப்பு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வருத்தம் முதலில் என் கையில் தெரிந்தது. லிபெர்த்தாத் தெருவில் ஒரு வயதான சிஞ்ஞோராவை, அதாவது இத்தாலிய அம்மாவை, பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. காலையில் கோப்பி கொண்டுபோனால் கோப்பை தட்டில் கிடுகிடுவென்று ஆடும். "நிலம் நடுங்குகிறதா?" என்று சிஞ்ஞோரா கட்டிலைப் பிடித்துக்கொண்டு கேட்பார். சாப்பாடு இரண்டு ஆளுக்குரியது இறங்கியது. ஆனால் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. மாசிக் குளிரில் எல்லோரும் கம்பளிக்குள் சுருண்டிருக்க நான் வேர்த்து ஒழுகினேன். பிரான்காச்சோப் பகுதியில் நான் வாடகைக்கு இருந்த வீடு மூன்றாம் மாடியில். படி ஏறி முடிந்தால் நெஞ்சு காதுக்குள் அடிக்கும். கோபமும் கூடியது. அது எனக்குப் பிறவிக் குணம் என்பதால் ஒருவரும் அதை வருத்தத்தின் கணக்கில் எழுதவில்லை.

ஒருநாள் குனிந்து சிஞ்ஞோராவின் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார். "உன் கழுத்து வீங்கியிருக்கிறது" என்றார். கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். எச்சில் விழுங்கியபோது கழுத்தின் அடியில் ஏதோ மேலே ஏறி இறங்கியது. இவ்வளவு நாளும் அதைக் காணாமல் இருந்த என் கண்ணை என்ன சொல்வது!

சிஞ்ஞோரா ஆஸ்பத்திரியில் தைராய்டு பார்க்கும் பகுதிக்கு ரெலிபோன் எடுத்தார். அங்கே எழுத்து வேலை பார்க்கும் பெண், இரத்தப் பரிசோதனை இல்லாமல் வந்தால் வைத்தியர் கதவிலேயே திருப்பி அனுப்பிவிடுவார் என்று சொல்லிப் பட்டியலை வாசித்தாள். சிஞ்ஞோரா அதைப் பாண் சுற்றிவந்த கடதாசியில் எழுதித் தந்தார். டி.எஸ்.எச்., டி3, டி4, இரண்டு வகை எதிர்ப்புப் பொருள், சாதாரண இரத்த எண்ணிக்கை, சீனி, ஈரல்.

டி.எஸ்.எச். என்றால் என்னவென்று பின்னால் எனக்கு விளங்கியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது மூளைப் பக்கத்திலிருந்து தைராய்டுக்குப் போகும் கட்டளை. படுக்கையில் இருந்து சிஞ்ஞோரா என்னைக் கூப்பிடுவதுபோல. டி3, டி4 இரண்டும் நான் செய்யும் வேலை. நான் வேலையில் பிந்தினால் சிஞ்ஞோராவின் சத்தம் கூடும். அவர் சொல்லாத வேலையையும் நான் இழுத்துப்போட்டுச் செய்தால் அவர் வாயை மூடிவிடுவார். டி.எஸ்.எச். கூடினால் தைராய்டு சோம்பல். குறைந்தால் தைராய்டு வெறிபிடித்து ஓடுகிறது. எனக்குக் குறைந்திருந்தது. குறைந்திருந்தது என்பதுகூடப் பிழை, இல்லையென்றே சொல்லலாம்.

பட்டியல் கையில் இருந்தது, காகிதம் இல்லை. எனக்குப் பெர்மெஸ்ஸோ, அதாவது இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி, அப்போது கிடையாது. அது இல்லாதவருக்குக் குடும்ப வைத்தியர் இல்லை. குடும்ப வைத்தியர் இல்லாமல் பரிசோதனைச் சீட்டு இல்லை. யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் இருந்த என் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் நான் வருத்தத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. குண்டுக்கும் ஷெல்லுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு என் கழுத்தையும் அனுப்புவதா?

நான் இருந்த வீட்டில் பெர்மெஸ்ஸோ உள்ளவர்கள் ஸ்ரெல்லாவும் அவள் கணவன் ஜஸ்ரினும். மன்னார்க் கத்தோலிக்கர். ஜஸ்ரினுக்குத் துறைமுகத்தில் சாமான் இறக்கும் வேலை. ஸ்ரெல்லா வீடுகள் துடைக்கிறவள். ஒரு அறையை எனக்கு வாடகைக்குத் தந்திருந்தார்கள். குசினி ஒன்றுதான், மாதாவும் பிள்ளையாரும் ஒரே அலுமாரியின் மேல் இருந்தார்கள். கலியாணம் முடிந்து ஆறு வருடமாகியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

"என்ரை லிப்ரெத்தோவைக் கொண்டு போங்கோ அக்கா," என்றாள் ஸ்ரெல்லா. வைத்திய உரிமைக்காகக் கொடுக்கப்படும் சின்னப் புத்தகம் அது. பெயரும் பிறந்த திகதியும் இருக்கும், படம் இல்லை.

"உனக்கு இருபத்தாறு. எனக்கு முப்பத்தெட்டு."

"அவங்களுக்கு எங்கடை வயசு பிடிபடாது. எங்களுக்கு அவையின்ரை வயசு பிடிபடுதே?"

இது அவள் கண்டுபிடித்த வழியல்ல. அந்த நாட்களில் நம்மவர்களுக்குள் லிப்ரெத்தோ கைமாறுவது சீனி கைமாறுவது மாதிரி. ஒருவனுடைய பெயரில் முப்பத்தாறு பல் பிடுங்கியாயிற்று, அவன் இன்னும் இறைச்சி கடிக்கிறான் என்று ஒரு பகிடி இருந்தது. கொடுப்பவர் உதவி செய்கிறார், வாங்குபவர் பிழைத்துக்கொள்கிறார், யாருக்கு என்ன நட்டம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

குடும்ப வைத்தியரிடம் ஸ்ரெல்லாதான் போனாள். என் வருத்தத்தைத் தன் வருத்தமாகச் சொல்லவேண்டும். முதல்நாள் இரவு குசினியில் எனக்கு முன்னால் நின்று கையை நடுங்கவைத்துப் பழகினாள். போய் வந்ததும் கேட்டேன்:

"கழுத்தைப் பாத்தவரோ?"

"அவர் நிமிந்தே பாக்கேல்லை அக்கா. எழுதிக்கொண்டே இருந்தவர். வீணாக் கையை நடுக்கினதுதான் மிச்சம்."

சிஞ்ஞோராவின் பட்டியலை அவர் அப்படியே சீட்டில் எழுதியிருந்தார். கடைசியில் தானாக ஒரு வரி சேர்த்திருந்தார்: இரத்த வகை. லிப்ரெத்தோவில் அந்த இடம் வெறுமையாக இருந்ததாம். குத்துகிறபோது அதையும் பார்த்துவிடலாம் என்றாராம். வைத்தியர் செய்தது சரியான வேலை. வந்த கழுத்துத்தான் சரியான கழுத்தல்ல.

இரத்தம் குத்தப் போன அன்று காலை ஏழு மணிக்கே வரிசை கதவுக்கு வெளியே நின்றது. வெறுவயிற்றோடு வரவேண்டும். எனக்கோ அந்த வருத்தத்தில் பசி பொறுக்காது, கண் இருட்டியது. இலக்கத் துண்டைக் கசக்கிக்கொண்டு, "ஸ்ரெல்லா, ஸ்ரெல்லா, இருபத்தாறு, இருபத்தாறு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே தாதி லிப்ரெத்தோவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்ப லிப்ரெத்தோவைப் பார்த்தாள்.

"இருபத்தாறா?" என்றாள்.

வீட்டில் எத்தனையோ பதில் தயார் செய்திருந்தேன். வாயில் வந்தது வேறு. "நிறைய வேலை" என்றேன், எனக்குத் தெரிந்த இத்தாலியனில்.

அவள் சிரித்துவிட்டாள். "எனக்கும்தான்" என்று சொல்லி என் கையில் இறப்பரைக் கட்டினாள். நான்கு குழாய்களில் என் இரத்தம் நிரம்பியது. நான்கிலும் ஸ்ரெல்லாவின் பெயர் எழுதிய துண்டுகளை ஒட்டினாள். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் பாணைக் கடித்தபோது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

முடிவு வரப் பத்து நாளாயிற்று. ஸ்ரெல்லா அதை எடுத்துக்கொண்டு குடும்ப வைத்தியரிடம் போனாள். அவர் எண்களைப் பார்த்ததும் இந்த முறை நிமிர்ந்தாராம். உடனே தைராய்டு வைத்தியரைப் பார் என்று கடிதம் எழுதினார். இரத்த வகையை லிப்ரெத்தோவில் எழுதி முத்திரையும் குத்தினார். தைராய்டு வைத்தியரைப் பார்க்க நாள் கிடைத்தது ஏழு கிழமை தள்ளி.

முடிவுத்தாளை நான் எத்தனை தரம் வாசித்திருப்பேன்! டி4 இருக்கவேண்டிய அளவின் இரண்டு மடங்குக்கு மேல். எதிர்ப்புப் பொருள் என்பது உடம்பு தன் தைராய்டைத் தானே பகையாளியென்று நினைத்துச் சீண்டுவதற்கான அடையாளம். அது தாறுமாறாகக் கூடியிருந்தது. கீழே 'பி, பொசிற்றிவ்' என்றும் இருந்தது. என் இரத்த வகை அன்றுவரை எனக்குத் தெரியாது. செலவில்லாமல் அதையும் அறிந்துகொண்டேன் என்று சந்தோசப்பட்டேன். அந்த வரி யாருடைய பெயரில் இருக்கிறது என்று என் மரமண்டைக்கு எட்டவில்லை.

அந்த ஏழு கிழமையை நினைக்க இன்னும் எனக்குப் பயம். இரவில் இடதுபக்கம் சரிந்து படுத்தால் கட்டிலே துடிக்கும். தலைமயிர் கைநிறைய வந்தது. கண்கள் முன்னே தள்ளி, யாரையோ முறைக்கிறவள்போல் ஆனேன். பேருந்தில் ஒரு மனிதர் எனக்கு இடம்விட்டு எழுந்தார். மரியாதைக்கா பயத்துக்கா என்று தெரியவில்லை. இப்படியே ஒருநாள் நெஞ்சு நின்றுபோனால் என்னை எந்தப் பெயரில் புதைப்பார்கள் என்ற யோசனை வரும். பிள்ளைகள் இரண்டும் கண்ணுக்குள் வரும். எழுந்திருந்து தண்ணீர் குடிப்பேன்.

இதற்குள் வீட்டில் ஒரு நல்ல காரியம் நடந்தது. ஸ்ரெல்லா பிள்ளைத்தாச்சியானாள். ஆறு வருடத்துக்குப் பிறகு. ஜஸ்ரின் குசினியில் நின்று குழந்தைபோல் அழுதான். அவள் லிப்ரெத்தோவைக் கொண்டு கர்ப்பிணிகளைப் பார்க்கும் நிலையத்துக்குப் போய்ப் பதிந்துவந்தாள். வந்த அன்று இரவு சாப்பிடவில்லை. மசக்கை என்றாள். நானும் நம்பி இஞ்சி இடித்துக் கொடுத்தேன்.

வைத்தியரிடம் போகும் நாளில் ஸ்ரெல்லாவும் கூட வந்தாள். என்னைவிட அவளுக்கு இத்தாலியன் நன்றாக வரும். வெளியே இருப்பதாகவும், உள்ளே நான் தடுமாறினால் தங்கைச்சி என்று சொல்லி வருவதாகவும் ஏற்பாடு. நீளமான நடைகூடம். இரண்டு பக்கமும் வாங்குகள். ஏறக்குறைய எல்லாக் கழுத்துகளிலும் ஏதோ ஒன்று இருந்தது. நான் தாள்களை ஒழுங்குபடுத்தினேன்: கடிதம், முடிவு, லிப்ரெத்தோ. லிப்ரெத்தோவுக்குள் ஸ்ரெல்லாவின் கர்ப்ப அட்டை செருகியிருந்தது. அதை வெளியே எடுத்தபோது கண்ணில் பட்டது.

"உனக்கும் பி பொசிற்றிவோ? பாரன், எனக்கும் அதுதான்!"

அவள் கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி?"

"அது உங்கடை ரத்தம் அக்கா," என்றாள். "லிப்ரெத்தோவிலை இருந்ததைப் பாத்து அவை அட்டையிலை எழுதினவை. என்ரை வேறை."

"வேறையெண்டு உனக்கெப்பிடித் தெரியும்?"

"பதின்மூண்டு வயசிலை எனக்குத் தொடையிலை ஷெல் துண்டு பட்டது. மன்னார் ஆசுப்பத்திரியிலை ரத்தம் இல்லை. ஓ நெகற்றிவ், லேசிலை கிடைக்காதாம். பாதர் பூசையிலை அறிவிச்சு, ரெண்டு பேர் வந்து தந்துதான் தப்பினனான். எங்கடை வீட்டிலை எல்லாருக்கும் அது பாடம்."

எனக்கு நெஞ்சடிப்பு வழக்கமானதுதான். அந்த நேரம் அது அடித்த அடி வேறு.

"எப்ப கண்டனி?"

"அட்டை தந்த அண்டைக்கு. மூண்டு கிழமை."

"மூண்டு கிழமையா வாயை மூடிக்கொண்டு இருந்தனியோ?"

"சொன்னா நீங்கள் இண்டைக்கு இஞ்சை வந்திருக்க மாட்டியள். நீங்கள் மருந்து எடுத்துக் கொஞ்சம் தேறின பிறகு, பிள்ளை பிறக்க முன்னம் சொல்லுவம் எண்டு நினைச்சன். சொன்னா என்ரை பெர்மெஸ்ஸோவையும் பறிப்பாங்களோ எண்டும் பயம்."

"நீ செத்துப்போனா?" என்று கத்தினேன். தமிழில்தான் கத்தினேன், ஆனாலும் அந்த நடைகூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. "பேறு நேரம் ரத்தம் போனா அவங்கள் இந்த அட்டையைத்தானே பாப்பாங்கள்? விசரி!"

அவள் அழத் தொடங்கினாள். அப்போதுதான் கதவு திறந்தது. ஸ்ரெல்லாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

இந்த இடத்தில் நான் உண்மையை எழுதவேண்டும். உடனே எழுந்துபோய் ஒப்புக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். நான் எழும்பவில்லை. முதலில் மருந்தை வாங்கிக்கொள், பிறகு பார்க்கலாம் என்று எனக்குள் ஒருத்தி சொன்னாள். பேறுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. அதற்குள் எத்தனையோ வழி கிடைக்கும். இன்றைக்குச் சொன்னால் மருந்தும் இல்லை, நாடும் இல்லை. என் பிள்ளைகளுக்குச் சோறு என் கையால்தான் போகிறது. அந்தப் பேச்சு முழுவதும் நியாயமாகவே இருந்தது. இரண்டாம் தரம் கூப்பிட்டார்கள். பக்கத்தில் இவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "போங்கோ அக்கா, போங்கோ" என்று என் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். அந்தக் கைதான் என்னால் பொறுக்க முடியாமல் போனது. அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

வைத்தியர் ஒரு பெண். அறுபது வயது இருக்கும், ஆண்பிள்ளைபோல் வெட்டிய நரை மயிர். எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "யார் ஸ்ரெல்லா?" என்று கேட்டார்.

நான் அவளைக் காட்டினேன். பிறகு மேசையில் கிடந்த முடிவுத்தாளில் விரலை வைத்து, "இரத்தம் நான்" என்றேன். என் இத்தாலியனில் அதற்குமேல் வரவில்லை. மிச்சத்தை ஸ்ரெல்லா சொன்னாள், விம்மலுக்கு நடுவில், ஷெல் துண்டு வரைக்கும்.

வைத்தியர் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து கதவைச் சாத்தினார். அடுத்து ரெலிபோனைத்தான் எடுக்கப்போகிறார், பொலிஸ் வரப்போகிறது என்று நினைத்தேன். "குவெஸ்தூரா வேண்டாம், தொத்தோரெஸ்ஸா" என்று, பொலிஸ் கந்தோருக்கு அறிவிக்க வேண்டாமென்று வைத்தியரம்மாவைக் கும்பிட்டேன்.

"வாயை மூடு. விழுங்கு" என்றார். என் பின்னால் வந்து நின்று இரண்டு கையாலும் என் கழுத்தைப் பிடித்திருந்தார். ஒரு கிளாஸ் தண்ணீர் தந்து விழுங்கச் சொன்னார். நீட்டிய என் கையின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். அது படபடவென்று அடித்தது. நாடியைப் பிடித்துக்கொண்டு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு ஸ்ரெல்லாவின் கழுத்தையும் தடவிப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகுதான் ஏசத் தொடங்கினார். நல்ல ஏச்சு. அவர் சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். இரத்தம் ஏற்றுவதற்கு முன் ஆஸ்பத்திரியில் மறுபடி சோதிப்பார்கள். அதில் ஒரு பாதுகாப்பு உண்டு. ஆனால் இன்னொன்று இருக்கிறது. நெகற்றிவ் இரத்தம் உள்ள தாய்க்குப் பொசிற்றிவ் பிள்ளை பிறந்தால், பேறு நேரம் பிள்ளையின் இரத்தம் கொஞ்சம் தாயுடன் கலக்கும். தாயின் உடம்பு அதைப் பகையென்று மனதில் வைத்துக்கொள்ளும். முதல் பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த பிள்ளை வயிற்றில் வரும்போது அதன் இரத்தத்தை அந்த உடம்பே அழிக்கும். இதைத் தடுக்க ஒரு ஊசி உண்டு. பேறு முடிந்து மூன்று நாளுக்குள் போடவேண்டும். தாய் பொசிற்றிவ் என்று அட்டையில் இருந்தால் அந்த ஊசியைப் பற்றி யார் யோசிப்பார்கள்?

"ஒருவரும் யோசித்திருக்க மாட்டார்கள்" என்று அவரே பதிலும் சொன்னார்.

ஸ்ரெல்லா வயிற்றில் கைவைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். என்னால் யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வெட்கமும் பயமும் ஒன்றாக வந்தால் மனிசர் எப்படிக் குறுகிப்போவார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

வைத்தியர் கர்ப்ப அட்டையிலும் லிப்ரெத்தோவிலும் இரத்த வகையை வெட்டி, பக்கத்தில் 'பிழை, மறுபடி பரிசோதிக்க' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். ஸ்ரெல்லாவை அப்போதே கீழே அனுப்பி இரத்தம் எடுக்கவைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உன்னை இந்த நிலைமையில் வீட்டுக்கு அனுப்ப முடியாது. அவசரம் என்றால் காகிதம் இல்லாதவரையும் படுக்கவைக்கலாம். உன் நாடி அவசரம்தான். பெயரைச் சொல்."

"சிவயோகநாயகி."

எழுதினார், வெட்டினார், மறுபடி எழுதினார். நான்காம் முறை என் கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்துப் பார்த்து எழுதினார். "இவ்வளவு பெரிய பெயரை வைத்துக்கொண்டா இன்னொருத்தியுடையதைக் கடன் வாங்கினாய்?" என்றார்.

ஆறு நாள் படுத்திருந்தேன். நெஞ்சடிப்பைக் குறைக்க ஒரு குளிசை, தைராய்டை அடக்க ஒரு குளிசை. இரண்டாவதை எடுக்கும்போது காய்ச்சலோ தொண்டைநோவோ வந்தால் அந்த நிமிடமே நிறுத்திவிட்டு இரத்தம் பார்க்க ஓடிவரவேண்டும் என்றார்கள். அது இரத்தத்தில் கிருமியோடு சண்டைபிடிக்கும் பகுதியைச் சிலருக்குக் குறைத்துவிடுமாம். பட்டியலில் இருந்த அத்தனை பரிசோதனையையும் முதலிலிருந்து எடுத்தார்கள், என் பெயரில். காலையில் தாதி குழாய்களோடு வரும்போது எனக்கு ஊசியில் பயமில்லை. நடைகூடத்தில் சப்பாத்துச் சத்தம் கேட்டால்தான் பயம். பொலிஸ் சப்பாத்து எப்படிச் சத்தம் போடும் என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே கிடப்பேன். ஒருவரும் வரவில்லை.

சிஞ்ஞோராவும் வரவில்லை. காகிதம் இல்லாத என்னை வேலைக்கு வைத்திருந்தது வெளியே தெரிந்துவிடும் என்று அவருக்கும் பயம். ஆனால் இரண்டாம் நாள் ஒரு பொதி வந்தது. புது இரவுச் சட்டை இரண்டு, அவர் தலைக்குப் போடும் வாசனைத் தண்ணீர் ஒரு போத்தல். பெயர் எழுதாமல் அனுப்பியிருந்தார்.

ஜஸ்ரின் முதல்நாள் பின்னேரம் துறைமுகத்திலிருந்து நேரே வந்தான். கஞ்சிப் பாத்திரத்தை அலுமாரியின் மேல் வைத்தான். கதிரையில் இருக்கவில்லை. யன்னலடியில் போய் நின்றான்.

"அவளுக்கு ஒண்டு நடந்திருந்தா அக்கா?" என்றான்.

"எனக்குத் தெரியாது தம்பி."

"லிப்ரெத்தோவைத் தந்தது அவள்தான். உங்களைக் குறை சொல்ல ஏலாது. ஆனா எனக்கு உங்களோடை கதைக்க இப்ப ஏலாமக் கிடக்கு."

"கதைக்க வேண்டாம். கஞ்சிக்கு உப்புப் போட்டனியோ?"

"ஓம்," என்றான். போய்விட்டான். கஞ்சி கொண்டுவருவதை ஆறு நாளும் நிறுத்தவில்லை, கதைக்கவும் இல்லை.

ஸ்ரெல்லாவின் முடிவு மூன்றாம் நாள் வந்தது. ஓ நெகற்றிவ். தைராய்டு சுத்தம். குடும்ப வைத்தியரிடம் அவளே போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கோபப்பட்டு, அவளைத் தன் நோயாளிகள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். வேறு வைத்தியரைத் தேடவேண்டி வந்தது. பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கும் நாள் வரைக்கும் இரண்டு பேரும் நித்திரை கொள்ளவில்லை. அது புதுப்பித்துக் கிடைத்தது. அந்த மாதங்களை அவர்களுக்கு நான் எதைக் கொடுத்தும் திருப்பித்தர முடியாது.

எனக்கு மெல்ல மெல்லக் குணமாகியது. இரண்டாம் மாதம் கோப்பை ஆடவில்லை. தைராய்டு வைத்தியர் வியாழக்கிழமைகளில் எல்லோரும் போன பிறகு என்னைப் பார்ப்பார். எந்தக் காகிதத்தில் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை.

ஐப்பசியில் ஸ்ரெல்லாவுக்கு நோ கண்டது. ஜஸ்ரின் துறைமுகத்தில் வேலையில் நின்றான்; நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பதினான்கு மணித்தியாலம். அவள் என் கையைப் பிடித்த இடத்தில் நகம் பதிந்து இரண்டு கிழமை இருந்தது. பின்னேரம் ஆண்பிள்ளை பிறந்தது. தொப்புள்கொடியிலிருந்து இரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். அது வரும்வரை நான் நடைகூடத்தில் மேலும் கீழும் நடந்தேன். ஜஸ்ரின் வந்து சேர்ந்து, என் பக்கத்தில் அவனும் நடந்தான்.

மறுநாள் காலை ஒரு தாதி சின்னத் தட்டோடு வந்தாள். தட்டில் ஒரு ஊசி. கட்டிலின் காலடியில் தொங்கிய தாளைப் பார்த்தாள். "தாய் நெகற்றிவ். பிள்ளை பொசிற்றிவ்" என்று வாசித்தாள். வைத்தியர் சொன்னபடியேதான் நடந்திருந்தது. ஒரு எழுத்தும் பிசகவில்லை.

"இது இவனுக்கு இல்லை, இனிமேல் பிறக்கப்போகிற பிள்ளைக்கு" என்று தாதி சிரித்துக்கொண்டு சொன்னாள்.

ஸ்ரெல்லாவுக்குக் கண் திறக்க ஏலாத களைப்பு. "இனிமேலோ! இவன் வரவே ஆறு வருசம் எடுத்தவன்," என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள். ஜஸ்ரின் சிரித்தான். அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது தாதியும் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த மருந்து கடைசித் துளி வரைக்கும் உள்ளே இறங்கி, தாதி பஞ்சை அழுத்தி எடுக்கும்வரை, அவளுடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.